கயிறு பிடித்தவரின் நாடி

நாடி பார்த்துச் சம்பளம் வாங்கியவளால் யாருடைய கையையும் சும்மா தொட முடியாது. விரல் பட்டதுமே மனம் எண்ணத் தொடங்கிவிடும். யுத்தம் முடிந்து, தோணிகள் மறுபடி பயமில்லாமல் கடலுக்குப் போக ஆரம்பித்த காலத்தில், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தேன். கல்லூரியில் செய்யுள் படித்து, அசை பிரித்துப் பழகிய காது என்னுடையது. வேலைக்கு வந்தபின் அந்தக் காது விரல் நுனிக்கு இறங்கிவிட்டது.

ஐம்பதைத் தாண்டி, மாடிப்படியின் நடுவில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கும் அன்பர்களே, இது உங்களுக்காக எழுதியது. நானும் இப்போது அந்தப் படியில்தான் நிற்கிறேன்.

கடற்கரைப் போட்டி

கருப்பட்டி மண்டி அண்ணாச்சி ஒருவருக்கு உடம்பு கனத்துவிட்டது. எங்கள் டாக்டர் அவரைக் காலையில் கடற்கரையில் நடக்கச் சொன்னார். "நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கலாம், தப்பில்லை. உட்கார்ந்த பிறகு மெல்ல மெல்ல அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்த நடை உங்கள் வயதுக்கு அதிகம்" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அண்ணாச்சியும் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வேட்டி நனைந்து, முகம் வெளுத்து, நேராகக் கடற்கரையிலிருந்தே வந்து பெஞ்சில் சாய்ந்தார். கையைப் பிடித்தேன். கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது துடிப்பு. வெகுநேரம் அடங்கவில்லை. நான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டேன். என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "எதிர்க்கடைக்காரன் என்னைத் தாண்டிப் போறான் டாக்டரய்யா, பாத்துக்கிட்டு நடக்கவா சொல்லுதீரு?"

தூங்குகிற குழந்தையின் நாடி

அண்ணாச்சிக்காவது நெஞ்சை ஓட வைப்பது காலைப் பொழுதுபோக்கு. மிக்கேலுக்கு அதுவே பிழைப்பு. அவர் சங்கு குளிக்கிறவர், அதாவது கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். ஐம்பதைக் கடந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. முந்தைய சங்குப் பருவத்தில் அவர் வயதுக்காரர் ஒருவர் தண்ணீரிலிருந்து ஏறி வந்து தோணியிலேயே விழுந்து இறந்துபோனார். அதனால் தோணி முதலாளி, டாக்டர் சரி என்று சொன்னால்தான் ஏற்றுவேன் என்று மிக்கேலை எங்களிடம் அனுப்பிவிட்டார். கூடவே அவர் மனைவி புஷ்பமும் வந்திருந்தாள். ஜெபமாலையை விரலுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

வாசல் படியில் வேகமாக ஏறி இறங்கச் செய்து, உட்கார வைத்து, நாடியை எண்ணுவது எங்கள் டாக்டரின் வழக்கம். மிக்கேல் ஏறி இறங்கினார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தில் அறைந்துகொண்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். தூங்குகிற குழந்தைக்குக்கூட அப்படி ஒரு நிதானம் இருக்காது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவர் உதடுகள் இறுக மூடியிருந்தன, நெஞ்சு அசையவே இல்லை.

"மூச்சை விடும்!" என்று கத்தினேன். குபீரென்று விட்டார். அடுத்த கணமே நாடி தறிகெட்டு ஓடியது. ஓடி, ஒரு துடிப்பை விட்டு, மறுபடி ஓடியது. டாக்டர் முகம் இருண்டது. மிக்கேல் பிடிபட்ட சிரிப்போடு சொன்னார்: "தண்ணிக்குள்ள நிக்க மாதிரி நெனச்சுக்கிட்டேன் நர்ஸம்மா, அங்கன போனா அதுவா அடங்கிரும்."

மாற்று ஏற்பாடு

இனி குளிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு வாரம் அமளி. பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிறு, தோணியில் நிற்கிற ஒருவன் கையில் இருக்கும். கயிறு அசைந்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். தாமதித்தால் கீழே இருப்பவன் பிணம். அதனால் அந்தக் கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள்; தன் உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண் அசர மாட்டான். இதுவரை மிக்கேலின் கயிற்றைப் பிடித்தவர் புஷ்பத்தின் தம்பி சவேரி. அவரோ மிக்கேலின் தங்கையைக் கட்டியவர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. ஆகவே இனி இளையவரான சவேரி குளிப்பார், மிக்கேல் கயிறு பிடிப்பார்.

இதைச் சொல்ல வந்த புஷ்பத்தின் முகத்தில் அன்றுதான் ரத்தம் திரும்பியிருந்தது. டாக்டருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் விரல் நுனியில் அந்தத் தவறிய துடிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. கயிறு பிடிக்க இந்த நெஞ்சு தாங்குமா என்று கேட்டேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "தோணியில் சும்மா நிற்கிற வேலைதானே சிஸ்டர், அதில் என்ன ஆகிவிடப் போகிறது?"

சும்மா நிற்கிற வேலை

சங்கு எடுக்கும் இடத்தில் ஒருவருக்குப் பாறை கிழித்துக் காலில் பெரிய காயம் என்று ஒருநாள் ஆள் வந்தது. மோட்டார் படகில் டாக்டரோடு நானும் போனேன். காயத்தைக் கட்டி முடித்தபோது பக்கத்துத் தோணியில் மிக்கேல் நின்றதைப் பார்த்தேன். அந்தத் தோணிக்குத் தாவினேன்.

அப்போதுதான் அவர் சவேரியை ஒருமுறை மேலே இழுத்து, மூச்சு வாங்கவிட்டு, மறுபடி இறக்கியிருந்தார். ஒரு ஆளையும் கல்லையும் சங்குப் பையையும் சேர்த்து, விடிந்ததிலிருந்து இழுக்கிற வேலை. இதைத்தான் சும்மா நிற்பது என்று நினைத்திருந்தோம். அவர் கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது எனக்குத் தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை. அன்று படியில் ஏறி இறங்கியபோது பார்த்ததைவிட மோசம். உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. இவர் இப்போது விழுந்தால் இவரோடு போகாது, கீழே இருக்கிறவரும் போவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "உட்காரும், உடனே உட்காரும்" என்றேன். அதே நேரம் கயிறு அசைந்தது. மிக்கேல் என் கையை உதறினார்: "விடுங்க நர்ஸம்மா, கீழ என் தங்கச்சி புருசன் இருக்கான்!"

சவேரியின் மறுப்பு

அன்று தோணியில் இருந்த இன்னொருவர் கை கொடுத்து, சவேரி நல்லபடியாக மேலே வந்தார். கரைக்கு வந்ததும் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். மிக்கேல் இனி தோணியிலேயே ஏறக் கூடாது, கயிற்றை வேறு ஆள் பிடிக்கட்டும் என்றார்.

சவேரி அதிகம் பேசாதவர். தலையிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீரைத் துண்டால் ஒற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். இவர் குளிக்காவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கடைசியில் எழுந்து துண்டை உதறினார்: "மச்சான் தொடாத கயித்துல நான் எறங்க மாட்டேன் டாக்டரய்யா, உம்ம கழுத்த நீரு அப்படிக் கொடுப்பீரா?"

பாட்டு நின்றால்

டாக்டர் இரண்டு நாள் யோசித்தார். கயிறு இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடுவது அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதையே பிடித்துக்கொண்டார். மிக்கேல் முன்னால், இன்னொருவர் பின்னால். இருவரும் சேர்ந்து இழுக்க வேண்டும். மிக்கேல் வாய்விட்டுப் பாட வேண்டும். நெஞ்சு தாங்குகிற வரைக்கும் பாட்டு வரும். தாங்காதபோது முதலில் நிற்பது சொல்தான். சொல் நின்றதும் பாரம் முழுவதையும் பின்னால் இருப்பவர் எடுத்துக்கொள்வார். மிக்கேல் கயிற்றில் கையை மட்டும் வைத்தபடி உட்கார்ந்துகொள்ள வேண்டும், பேச்சு சீராகத் திரும்பும் வரை. கை கயிற்றில் இருந்ததால் சவேரியும் சம்மதித்தார்.

அந்தப் பருவம் முழுக்க நான் தினமும் தோணிகள் திரும்பும் நேரத்துக்கு டிஸ்பென்சரி வாசலுக்கு வந்து நின்றேன். மிக்கேல் பலமுறை பாதிப் பாட்டில் உட்கார்ந்தார் என்று சொன்னார்கள். கோபத்தோடுதான் உட்கார்ந்தாராம். ஆனால் உட்கார்ந்தார். பருவம் முடிந்தபோது இரண்டு பேரும் தங்கள் காலாலேயே நடந்து வந்தார்கள். புஷ்பம்தான் இளைத்துப் போயிருந்தாள். உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கல்யாணமான நாள்ல இருந்து 'கொஞ்சம் வாய மூடும்'னு சொன்னவ நானு, இப்ப அந்த மனுசன் ரெண்டு நிமிசம் சும்மா இருந்தா ஓடிப் போயி கையப் பிடிச்சுப் பாக்கேன், நர்ஸம்மா."

ஐம்பது தாண்டிய நெஞ்சை ஒருவழியாகச் சொன்ன பேச்சு கேட்க வைத்துவிடலாம் அன்பர்களே, அதற்கு முன்னால் மச்சானின் சம்மதம் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.