வில்ரோக்கின் ஆற்று வாசல்

வில்ரோக்கில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஓதெத் சாலெத்துக்கு ஊர்ப்பெருமை கொஞ்சம் அதிகம். பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரெனே மலையில் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், பள்ளத்தாக்கின் தொண்டையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஊர் அது. ஒரே தெரு, இரண்டு வாசல், சுற்றிலும் ரோஜா நிறக் கல் மதில். ஸ்பெயினிடமிருந்து ஊரைப் பிடித்த பிரெஞ்சு ராஜா, ஸ்பெயின்காரர்கள் திரும்பி வருவார்கள் என்று பயந்து அந்த மதிலை உயர்த்திக் கட்டினார். அவர்கள் வரவேயில்லை.

"வர்றதுக்குத் தைரியம் இல்ல" என்பாள் ஓதெத், கறி வெட்டிக்கொண்டே. மதிலோடு ஒட்டிய வீட்டில் பிறந்தவள். துப்பாக்கி நீட்டிச் சுடுவதற்காக மதிலில் விட்ட துளைதான் அவள் அறைக்கு ஜன்னல்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து சில வருஷங்களில், ஓர் அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது ஆறு பாலத்தை உரசிக்கொண்டு போனது. ஆற்று வாசலின் ஓக் கதவுகளை யாரும் மூடிப் பார்த்ததில்லை. கீல்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. ஆண்கள் தோள் கொடுத்தார்கள், அசையவில்லை.

ஓதெத் கடைக்கு ஓடினாள். குளிர்காலத்துக்கென்று உருக்கி வைத்திருந்த பன்றிக்கொழுப்பைப் பானைபானையாகக் கொண்டுவந்து கீல்களில் அப்பினாள். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார். ஒரு கதவு முனகியபடி நகர்ந்தது. பிறகு மற்றதும்.

அப்போதுதான் அவளுக்கு எவுசேபியோ ஞாபகம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய சுண்ணாம்புச் சூளையில் குடும்பத்தோடு இருந்த ஸ்பெயின் அகதி.

"நில்லுங்க, அவங்க வரணும்."

மேயர் ஒனொரா, செத்துப்போன அவள் புருஷனின் தம்பி. "தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்தாச்சு அண்ணி. மூடுங்க. இந்தக் கதவே அவங்க ஆளுங்களைத் தடுக்கக் கட்டுனதுதானே?"

"அது ராஜாவோட பயம், ஒனொரா. உனக்கு என்ன பயம்? செருப்பு நனையுதா?"

சிலர் சிரித்துவிட்டார்கள். ஓதெத் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் போய் நின்றாள். அவளை நசுக்காமல் மூட முடியாது. கொஞ்ச நேரத்தில் பாலத்தின் மேல் ஆட்கள் தெரிந்தார்கள்: இடுப்பில் குழந்தையோடு மனைவி; பின்னால் தோளில் தையல் மெஷினோடு எவுசேபியோ.

"அந்த இரும்பை ஆத்துல போட்டுட்டு ஓடி வாய்யா" என்று கத்தினான் ஒனொரா.

"இது போனா சோறு யார் போடுவா, நீங்களா?" என்று மூச்சு வாங்கியபடியே கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான் அவன்.

கதவைச் சாத்தினார்கள். இடுக்குகளில் கம்பளி மெத்தைகளைத் திணித்து, மாட்டுச்சாணம் அப்பி, மர உத்தரங்களை முட்டுக்கொடுத்தார்கள். எவுசேபியோவும் முதுகைக் கொடுத்து நின்றான். வெளியே நீர் ஆள் உயரத்துக்கு ஏறி மோதியது. உள்ளே ஒழுகியது ஒரு சாக்கடை அளவுதான். மறுநாள் ஆறு இறங்கியபோது, பள்ளத்தாக்கில் வீடு இழக்காத ஊர் வில்ரோக் ஒன்றுதான்.

பாராட்ட வந்த அரசு அதிகாரி, ராஜா காலத்தில் மதிலைக் கட்டிய பொறியாளரை வெகுவாகப் புகழ்ந்தார். ஓதெத் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்காரு" என்றாள் கடைசியில். "ஆனா மூடினது நாங்க."

அடுத்த தேர்தலில் அவள் நகரசபைக்கு நின்றாள். ஒனொராவே வீடு வீடாகப் போய் அவளுக்கு ஓட்டுக் கேட்டான்.