நாற்பது கேலன் கிணற்றுத் தண்ணீர்

ஆர்டித் குசேரா முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினவள். நெப்ராஸ்காவில் ஐன்ஸ்வொர்த்துக்குத் தெற்கே மணல் குன்றுகளுக்கு நடுவே போகிற பாதை. நாளைக்குத் தொண்ணூறு மைல். பனி விழும், ஆலங்கட்டி விழும், ரோட்டை மறித்து மாடுகள் படுத்துக் கிடக்கும். அத்தனை வருஷத்தில் அவள் பஸ்ஸின் ஒரு சக்கரம்கூடப் பள்ளத்தில் இறங்கியதில்லை. பின்னால் ரகளை என்றால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், கப்சிப் என்று அடங்கிவிடும். ஊரில் பாதிப் பேர் அந்தப் பார்வைக்குப் பயந்து வளர்ந்தவர்கள்தான்.

இப்பேர்ப்பட்டவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வேலை என்ன தெரியுமா? ட்ரெய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு "வா, வா, போதும், நிறுத்து" என்று கை காட்டுகிற வேலை.

ட்ரெய்லர் அவள் புருஷன் வெர்லின் வாங்கியது. பதினேழடி நீளம், பழசு. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, முழங்கை இடிக்காமல் திரும்ப முடியாத ஒரு குளியலறை. பிக்கப் வண்டியின் பின்னால் அதை மாட்டிக்கொண்டு கோடை வந்தால் ஐந்து வாரம் கிளம்பிவிடுவார்கள். ஓட்டுவது அவன்தான். முதல் வருஷம் அவள் சாவிக்குக் கை நீட்டினாள். "பஸ் ஓட்டறது வேற, இழுத்துட்டுப் போறது வேற, ஆர்டி" என்றான். நாற்பதடிப் பஸ்ஸை ஐஸில் திருப்பினவளிடம் சொன்ன பேச்சு! அவள் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். சண்டைக்கு ஆள் இல்லை அவள். அது நல்ல குணமா கெட்ட குணமா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

வெர்லினுக்கு ஒரு பைத்தியம் உண்டு. வேற்று ஊர்த் தண்ணீர் அவனுக்கு ஆகாது. பட்டாளத்தில் இருந்தபோது வயிறு கெட்டதாம். அன்றிலிருந்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட காப்பிதான் இறங்குமாம். மற்றவர்கள் காலித் தொட்டியோடு கிளம்பி, தங்குகிற இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொள்வார்கள். இவன் வீட்டிலேயே நாற்பது கேலனை நிரப்பிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவான். தொட்டி இருப்பது சக்கரங்களுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். முந்நூற்று முப்பது பவுண்டு. அதாவது தடித்த ஆள்கள் ஒன்றரைப் பேரை வாலில் உட்கார வைத்து இழுத்துப் போகிற மாதிரி.

வால் கனத்தால் மூக்கு தூக்கும். பிக்கப்பின் கொக்கிமேல் ட்ரெய்லர் அழுத்தி உட்கார வேண்டும். உட்காராவிட்டால் காற்றடித்தால் போதும், வால் ஆட ஆரம்பித்துவிடும். ஆறு வருஷமாக லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவன் ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி ஒன்று வாங்கிப் பொருத்தினான். புது டயர் போட்டான். காற்றைக் கூட்டினான், குறைத்தான். தண்ணீர்ப் பேச்சை அவள் எடுத்தால் மட்டும் காது கேட்காது.

அந்த வருஷம் வயோமிங்கில், எல்க் மலைக்குப் பக்கத்து இறக்கத்தில், பக்கவாட்டுக் காற்றோடு ஒரு பெரிய லாரியும் உரசுகிற மாதிரித் தாண்டிப் போனது. ட்ரெய்லர் ஒருமுறை இடது பக்கம் வீசியது, பிறகு வலது பக்கம். ஒவ்வொரு வீச்சும் முந்தினதைவிடப் பெரிது. பிக்கப்பின் முதுகைப் பிடித்து யாரோ உலுக்குவது போல இருந்தது. வெர்லின் பயந்துபோய் பிரேக்கை மிதித்தான். செய்யவே கூடாத காரியம். வீச்சு இரண்டு மடங்காயிற்று. கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கச் சுவர் முழுதாகத் தெரிந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே, அவன் முட்டிக்கு மேலே, ட்ரெய்லர் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற சின்ன நெம்புகோல் ஒன்று உண்டு. அதைப் பொருத்தின மெக்கானிக், "ஆட ஆரம்பிச்சா காலால மிதிக்காதீங்க, இதை மட்டும் கையால அமுக்குங்க" என்று சொன்னபோது வெர்லின் வெளியே நின்று யாரிடமோ கிணற்றுப் பெருமை பேசிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டவள் ஆர்டித். இப்போது அவள் குறுக்கே இடது கையை நீட்டி அதை அழுத்தினாள். "காலை எடு" என்றாள். பஸ்ஸில் பேசுகிற குரல். அவன் கால் தானாக விலகிக்கொண்டது. ட்ரெய்லர் பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்து, நேராகி, அடங்கியது. வேகம் முப்பதுக்கு வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

ஒரு மைல் போயிற்று. அப்புறம் வெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாத்தியா, எப்படிப் பிடிச்சேன்!" என்றான்.

அன்று சாயங்காலம் தங்கிய ட்ரெய்லர் முகாம் மண் ரோட்டில் இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது. முகாம்காரர்கள் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து நீள மேஜையில் வைத்துச் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். ஆர்டித் பீன்ஸ் கொண்டுபோனாள், வெர்லின் கதையைக் கொண்டுபோனான். முதலில் லாரி ஒன்று. இரண்டாவது தட்டு நிரம்பும்போது லாரி மூன்றாகிவிட்டது. "ஸ்டியரிங்கை இரும்புப் பிடியாப் பிடிச்சேன் பாருங்க. அசையல!" பக்கத்து இடத்துக்காரர் வெண்டல், காது கொஞ்சம் மந்தம், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க பயந்துட்டீங்களாம்மா?" என்று ஆர்டித்தைக் கேட்டார். "பீன்ஸ் இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள் ஆர்டித். உள்ளே பற்றி எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் லேண்டருக்குப் போக வேண்டும். வழியில் பீவர் ரிம் இறக்கம். எல்க் மலை இறக்கமெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. நேற்று ஆடினது அங்கே ஆடினால் இரண்டு பேரையும் கீழே போய்த்தான் பொறுக்க வேண்டும்.

காலையில் அவள் வெண்டலிடம் ஒரு பலகை வாங்கிவந்தாள். ஒரு முனை விறகுக்கட்டைமேல், மறுமுனை குளியலறையில் எடை பார்க்கிற மிஷின்மேல். கட்டையிலிருந்து ஒரு அடி, மிஷினிலிருந்து இரண்டு அடி தள்ளி ட்ரெய்லரின் மூக்கை இறக்கினாள். அப்படி வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஷினில் விழும். முள் அறுபதில் நின்றது.

"நூத்தி எண்பது" என்றாள். "முந்நூத்தி அம்பதாவது இருக்கணும், வெர்லின். பாதிதான் இருக்கு."

"மிஷின் சரியில்ல."

"ஏறி நின்னு பாரேன்."

ஏறி நின்றான். இருநூற்று இருபத்துமூன்று காட்டியது. ஊரில் எல்லோரிடமும் நூற்றுத் தொண்ணூறு என்று சொல்லிக்கொண்டிருப்பவன்.

"பாத்தியா? நான்தான் சொன்னேனே, பொய் சொல்லுதுன்னு!"

வெண்டல் இருமுகிற மாதிரிச் சிரித்தார். ஆர்டித் சிரிக்கவில்லை.

"தண்ணியத் திறந்து விடு. பின்னால கிடக்கிற அந்தக் கருவிப் பெட்டியத் தூக்கி முன்னால வை. நான் வேற எதையும் கேக்கல."

"காப்பிக்கு?"

"லேண்டர்ல குழாய் இருக்கு. அங்க மனுஷங்கதான் குடிச்சிட்டு இருக்காங்க."

"அவங்க வயித்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"அப்ப நான் ஏறல" என்றாள். கைப்பையையும் எடை மிஷினையும் எடுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் இப்படி அவள் சொன்னதே இல்லை. அவன் சற்று நேரம் நின்று பார்த்தான். அப்புறம் வீம்பு தலைக்கேறிவிட்டது. ட்ரெய்லரை மாட்டினான், கதவை அறைந்து சாத்தினான், கிளம்பினான். எழுந்து ஓடி வருவாள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பான். காலமெல்லாம் கண்ணாடி பார்த்து ஓட்டினவளுக்கு அது தெரியாதா? அவள் எழவில்லை.

புழுதி அடங்கியதும்தான் பயம் வந்தது. அவள் உட்காரும் இடம் இப்போது காலி. ஆடினால் கை நீட்ட ஆள் இல்லை. கிழவனுக்கு மிதிக்கத்தான் தெரியும். 'நானே அனுப்பிவிட்டேனே, பாவி' என்று அடித்துக்கொண்டது மனசு. வெண்டல் கொண்டுவந்த காப்பி ஆறிப் போயிற்று. ஒரு மணி நேரம் ஆனது. "பின்னாலயே போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டார் வெண்டல். சரி என்று எழுந்தவள் ரோட்டைப் பார்த்து அப்படியே நின்றாள்.

பிக்கப் வந்துகொண்டிருந்தது, மெதுவாக. ட்ரெய்லருக்கு அடியிலிருந்து நூல் போலத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மண் ரோட்டின் புழுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈரக்கோடு.

வெர்லின் இறங்கினான். முகம் மாவு பூசினாற்போல் வெளுத்திருந்தது.

"என்னப்பா, திரும்பிட்ட?" என்றார் வெண்டல்.

வெர்லின் அவர் காதருகே போய் உரக்கச் சொன்னான்: "நேத்து நான் சொன்னது பொய், வெண்டல். வண்டிய நிறுத்தினது நானில்ல. அவ கை. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்."

முகாம் முழுக்கக் கேட்டது. ஆர்டித்துக்கு ஒரு கணம் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இறக்கத்துக்கு முன்னாலயே ஆடிச்சு, ஆர்டி" என்றான் அவளிடம், குரலைத் தணித்து. "மிதிக்கல. நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. கைய நீட்டினேன். அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. ஆறு வருஷமா என் முட்டிக்கு மேலதான் இருக்கு, தடவறேன் தடவறேன், அகப்படல."

"அப்புறம் எப்படி நின்னுது?"

"ஒரு ஏத்தம் வந்துச்சு. தானா அடங்கிடுச்சு. இறங்கி நின்னு, குழாயத் திறந்து விட்டேன்."

அவள் அவனைத் திட்ட வாயெடுத்தாள். திட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. "கிழட்டுப் பயலே" என்று மட்டும் சொன்னாள். வெண்டல் கொடுத்து ஆறிப்போன காப்பியை அவன் கையில் திணித்தாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தான். வயிறு ஒன்றும் கெடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கருவிப் பெட்டி முன்னால் போயிற்று. மறுபடி பலகை, மறுபடி மிஷின். நூற்றுப் பதினெட்டு, மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். வெர்லின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, பிக்கப்பைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். ஆர்டித் சீட்டை நாலு விரற்கடை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள்.

பீவர் ரிம்மில் காற்று அடிக்கத்தான் செய்தது. இரண்டு லாரிகள் தாண்டின. ட்ரெய்லர் வாலை அசைக்கவில்லை. ஆனாலும் வெர்லின் உச்சியிலேயே இடது கையைக் குறுக்கே நீட்டி அந்த நெம்புகோலின்மேல் வைத்துக்கொண்டான், அழுத்தாமல், சும்மா. கியர் மாற்றும்போதெல்லாம் அவன் கை அவளுக்கு இடித்தது. கீழே சமவெளி வரும்வரை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.