பிளக்கைக் கழட்டி வெச்ச எஞ்சின்

போன மாசி மாசம், பாளையம்பட்டியில எங்க ஒர்க்‌ஷாப்புல நடந்தது இது. ஒர்க்‌ஷாப்புன்னா பெருசா நினைச்சுடாதீங்க. வீட்டு முன்னாடி தகரம் போட்ட ஒரு ஷெட்டு. வீட்டுக்காரர் பைக் மெக்கானிக். நான் எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டு, கல்யாணம் ஆகுற வரைக்கும் அருப்புக்கோட்டையில பவர்லூம் ஓட்டினவ. எதுக்கெடுத்தாலும் பயப்படுவேன். கேஸை மூடினேனான்னு பஸ் ஸ்டாப்புல இருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆளு.

அப்போ வீட்டுக்காரருக்கு வலது கையில மாவுக்கட்டு. அவர் சொல்லச் சொல்ல ஸ்பேனர் பிடிக்கிறது நான்தான். அன்னைக்குன்னு பார்த்து வீரசோழன்ல இருந்து ஒரு தம்பி, அரதப் பழசான பைக் ஒண்ணை லோடு ஆட்டோவுல ஏத்திட்டு வந்தார். பக்கத்துல அவரோட அத்தா, அதான் அப்பா. அந்தப் பெரியவர் இந்த வண்டியிலதான் திருச்சுழி பக்கம் ஊர் ஊராப் போய் மிளகாய் வத்தல் வாங்கி, யாவாரம் பண்ணிப் பிள்ளைகளை ஆளாக்கினாராம். தம்பி மறுநாள் வெளிநாட்டு வேலைக்குத் திரும்பணும். அதுக்குள்ள அத்தாவைப் பின்னாடி உட்கார வெச்சு திருச்சுழி வரைக்கும் ஒருதரம் ஓட்டிட்டு வரணும்னு அவருக்கு ஆசை.

வண்டியை ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு சத்தம். டைமிங் செயின் தொய்ஞ்சு போச்சு. பிஸ்டனும் வால்வும் ஒண்ணோட ஒண்ணு மோதாம முறை வெச்சு ஓட்டுற சங்கிலி அது. அதை இழுத்துப் பிடிக்கிற அட்ஜஸ்டர் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்ததால, முழுசாக் கழட்டி டீசல்ல ஊறப்போட்டேன். அந்த நேரத்துல, எஞ்சின் லேசாச் சுத்தட்டும்னு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி வெச்சுட்டு, இவர் இடது கையால எஞ்சினைச் சுத்தி, பிஸ்டன் மேல வந்து நிக்கிற குறியைப் பார்த்தார். குறி கொஞ்சம் தாண்டிப் போச்சுன்னு பின்பக்கமா ஒரு திருப்பு திருப்பினார். நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தோணலை.

அட்ஜஸ்டரை மாட்டி முடிச்சதும், "பிளக்கைப் போட்டுட்டு, தம்பியைக் கிக்கரை உதைக்கச் சொல்லு"ன்னார் இவர்.

எனக்கு மனசு ஒப்பலை. தறியில அறுந்த இழையை முடிச்சுப் போட்டா, உடனே மோட்டாரைப் போட மாட்டோம். சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்தி, நூலைக் கொண்டு போற நாடா இடிக்காமப் போகுதான்னு பார்த்துட்டுத்தான் ஓட்டுவோம். "பிளக் வெளியிலயே இருக்கட்டும், ஒரு சுத்து சுத்திப் பார்த்துக்கிறேன்"னேன்.

"ஆரம்பிச்சுட்டாய்யா! தம்பி, இவ சோத்துப் பானையவே மூணு தரம் தொறந்து பாக்குறவ"ன்னு இவர் சிரிச்சார்.

பெரியவரும் சும்மா இருக்கலை. "பொண்ணு பாக்கப் போனப்பக்கூட என்னைய இம்புட்டு நேரம் உக்கார வைக்கலையே தாயி"ன்னார்.

எஞ்சினைச் சுத்துற நட்டுல ஸ்பேனரைப் போட்டு மெதுவாத் திருப்பினேன். பாதிச் சுத்துல டக்குன்னு நின்னுச்சு.

"அது கம்ப்ரஷன், உள்ள காத்து அமுங்கித் தடுக்குது. அமுத்தித் திருப்பு"ன்னார் இவர்.

"ஏங்க, பிளக்குதான் வெளியில கிடக்குதே. காத்தெல்லாம் அந்த ஓட்டை வழியாப் போயிருமே, கம்ப்ரஷன் எங்கிட்டிருந்து வரும்?"

அவர் சிரிப்பு நின்னுபோச்சு. கீழ உட்கார்ந்து, அவரும் இடது கையால தொட்டுப் பார்த்தார். "விடு, விடு. அமுத்திராத"ன்னார். குரலே மாறிப்போச்சு.

மேல் மூடியைக் கழட்டிப் பார்த்தோம். அட்ஜஸ்டர் இல்லாத நேரத்துல பின்னாடி திருப்பினதுல சங்கிலி பல்சக்கரத்துல பல்லு தாண்டி உட்கார்ந்திருந்தது. வால்வு பிஸ்டனைத் தொட்டுக்கிட்டு நிக்குது. கிக்கரை உதைச்சிருந்தா வால்வு வளைஞ்சிருக்கும். அந்த வண்டிக்கு வால்வு மதுரையில தேடினாலும் கிடைக்காது. தம்பி என் கையையே பார்த்துக்கிட்டு நின்னார்.

அப்புறம் சங்கிலியைத் தூக்கி, குறிக்குக் குறி சேர்த்து மாட்டினேன். அட்ஜஸ்டரை முடுக்கிட்டுத் திரும்பவும் சுத்தினேன். இந்தத் தடவை எங்கயும் தட்டலை. இன்னொரு சுத்தும் சுத்தினேன். யாரும் கேலி பண்ணலை.

தம்பி கிக்கரை உதைச்சார். கடகட சத்தம் போயே போச்சு. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுட்டு, "இது என் வண்டிதான்"னார். மகன் தோளைப் பிடிச்சு ஏறி உட்கார்ந்தார். வெயில் தாழ ரெண்டு பேரும் திருச்சுழி ரோட்டுல போறதை, சத்தம் மறையுற வரைக்கும் நின்னு கேட்டோம்.

இப்போ அவருக்குக் கை சரியாயிடுச்சு. ஆனாலும் எஞ்சின் வேலை எதை முடிச்சாலும், கிக்கரைத் தொடுறதுக்கு முன்னாடி "வந்து ஒரு சுத்து சுத்திப் பாரு"ன்னு என்னைத்தான் கூப்பிடுறார். கேஸை மூடினேனான்னு நான் இன்னமும் பாதி வழியில இருந்து திரும்பி வரத்தான் செய்றேன். ஆனா இத்தனை வருஷமா பாரம்னு நினைச்சிருந்த இந்தப் பயத்துக்காக, அன்னையில இருந்து நான் யாருகிட்டயும் கூச்சப்படுறதில்லை.