கல்லில் இடிக்கும்

புது வண்டி வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சை எடுத்தபோது நான் சொன்ன காரணத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. அப்பாவைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்திருந்தார் அப்பா. ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் சாலையிலிருந்து பிரிந்து போனால் மலையடிவாரத்தில் எங்கள் மாந்தோப்பு. இடையில் ஒரு ஓடை, உருண்டைக் கல்லும் பாறையுமாகக் கிடக்கும். கார் போகாது. ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே வேறு சவாரி இருக்கிறது என்பார்கள். விழுந்த நாளிலிருந்து அப்பா தோப்பைப் பார்க்கவில்லை. ஒரு தடவை போய் அந்த மண்ணில் கால் வைத்துவிட்டு வந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் காரணத்தில் பொய் இல்லை. ஆனால் அது மட்டுமே காரணமும் இல்லை. வெகுநாளாகவே நான் படுக்கையில் படுத்துக்கொண்டு, பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டிகள் சேற்றில் இறங்கி ஏறுவதை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தலை நரைத்த பஞ்சு வியாபாரிக்கு இது என்ன கிறுக்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் நண்பன் ஏற்றிவிட்ட கிறுக்கு அது. ஞாயிற்றுக்கிழமையானால் அவனும் அவன் கூட்டாளிகளும் பாதையே இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை விடுவார்கள். ரோடு இருக்கிற இடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்பது அவன் கட்சி. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், மெதுவாகவும் பலமாகவும் ஏறுவதற்குத் தனி கியர் வேண்டும், வண்டியின் அடிவயிறு தரையில் தட்டக் கூடாது என்று அவன் சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்தேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜீப் இருந்தது. அப்பாவுடையது. ஓடை ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். கடைசித் தடவை டிராக்டரை வைத்துத்தான் இழுத்து வந்தோம். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் இன்னும் சில வருடம் ஓடும் என்று மெக்கானிக் சொன்னார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அந்த ஜீப்புக்குக் கதவு கிடையாது, சீட்டும் தணிவு. அப்பா முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். ஆபரேஷனுக்குப் பிறகும் சாயங்காலங்களில் ஷெட்டில் நிற்கிற ஜீப்பில் அப்படி ஏறி உட்கார்ந்திருப்பார். புது வண்டிக்கு அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, சாவியைத் தன் கையாலேயே எடுத்துத் தந்தார்.

மதுரை ஷோரூமுக்கு அப்பாவையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பிள்ளை என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு நினைப்பு. இரண்டு வண்டிகள் மனதில் இருந்தன. ஒன்று கொஞ்சம் தணிவு. கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறுவதற்கு நீளமாக ஒரு சைடு ஸ்டெப் அதில் பொருத்தியே வரும். மற்றது உயரம், முரட்டு டயர். ஸ்டெப் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் டேப் கொண்டு போயிருந்தேன். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். முன் பம்பரின் உயரத்தை அளந்தேன். எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகும் என்று கேட்டுக் குடைந்தேன். அங்கிருந்த சேல்ஸ்மேன், சார் நிறையப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் நான் அளக்கவில்லை.

நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது அப்பா அந்தத் தணிவான வண்டியின் பக்கம் போனார். கைத்தடியைக் கதவில் சாய்த்துவிட்டு, வலது காலை எடுத்து ஸ்டெப்பில் வைத்துப் பார்த்தார். கால் ஏறியது. சேல்ஸ்மேன் அதைக் கவனித்துவிட்டு, பெரியவருக்கு வசதியாக இருக்கும், உயர வண்டியிலும் இதைப் போட்டுத் தரலாம் என்று என்னிடம் சொன்னார்.

"வேண்டாம். கல்லுல இடிக்கும்" என்றேன்.

அது நண்பன் சொல்லிக்கொடுத்தது. ஸ்டெப் போட்ட வண்டியைப் பார்த்தால், கல்யாணத்துக்குப் போகிற வண்டி என்று அவர்கள் கேலி பேசுவார்கள். அப்பா காலை இறக்கிக்கொண்டார். கைத்தடியை எடுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தார். அவர் காலை வைத்ததையும் நான் பார்த்தேன், எடுத்ததையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அந்த உயர வண்டி வீட்டுக்கு வந்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டுவிட்டு வரலாம் என்று எல்லோரும் கிளம்பினோம். அப்பாவுக்கு முன் சீட். கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். முழங்கால் உயரத்துக்கு மேல் கால் வரவில்லை. மறுபடியும் தூக்கினார். மனைவி ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அது ஆடியது, அப்பா தடுமாறினார், இருவருமாகப் பிடித்துக்கொண்டோம். தனக்குக் கொஞ்சம் அசதியாக இருக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றார். நாங்கள் போய்விட்டு வந்தோம். அதை எழுதும்போதே கூசுகிறது. ஆனால் அன்றைக்கு வண்டி நெடுஞ்சாலையில் ஓடிய ஓட்டத்தில் எனக்குச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நண்பர்களுக்குப் போயின. வன்னியம்பட்டிப் பக்கம் காட்டுப் பாதைகளிலும், தண்ணீர் வற்றிய கண்மாய்களின் சேற்றிலும் சுற்றிவிட்டு மதியத்துக்கு மேல் திரும்புவேன். அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஹோஸ் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். டயரிலிருக்கும் சேற்றைக் கழுவிவிடுவது தன் வேலை என்று அவரே வைத்துக்கொண்டார். எங்கே போனாய் என்று கேட்பதில்லை. தோப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். ஓரத்து மரங்களில் பூ நன்றாக எடுத்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். தோப்புக்குப் போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அப்பா டயரின் மேல் தண்ணீரைப் பீய்ச்சியபடியே இருந்தார். தரையில் ஓடியது கறுப்புத் தண்ணீர்.

"இது கம்மாக் கரிசல்லா லே. நம்ம தோப்பு மண்ணு செவப்புல்லா" என்றார்.

பைப்பை அடுத்த டயருக்குத் திருப்பினார். நான் முகம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். இவரைக் காட்டித்தானே வண்டி வாங்கினேன் என்று நினைக்க நினைக்க என்மேலேயே ஆத்திரம் வந்தது. அடுத்த ஞாயிறு, என்ன ஆனாலும் அப்பாவைத் தோப்புக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

வழி சொன்னவர் அப்பாதான். எங்கள் வீட்டை ஒட்டி எங்களுடைய பஞ்சு குடோன். லாரியில் பஞ்சுப் பேல்களை ஏற்றுவதற்காக அதன் முன்னால் உயர மேடை உண்டு, ஒரு பக்கம் சரிவாக ஏறிப் போகலாம். பிக்கப்பின் பின்பக்கத்தை மேடையோடு ஒட்டி நிறுத்தினால் தொட்டியும் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அப்பா சரிவில் நிதானமாக நடந்து ஏறி, அப்படியே தொட்டிக்குள் போய்விட்டார். அங்கே கை வைத்த மர நாற்காலி ஒன்றைப் போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தேன். உட்கார்ந்தார். மனைவி அவர் பக்கத்தில் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் குலுங்காமல் இருக்க ஊர்ந்தபடி ஓட்டினேன். பின்னால் வருபவர்கள் ஒதுங்கிப் போகட்டும் என்று நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டேன். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போட்ட மாலை வண்டி முகப்பில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

டீக்கடை முக்கில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எதிரே பைக்கில் வந்தவர் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் பக்கம் கடைசிப் பயணத்தில் ஆளை நாற்காலியில் உட்கார வைத்துக் கொண்டுபோவதும் உண்டு. அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நிறுத்துவதா, வேகமாகப் போய்விடுவதா என்று தெரியவில்லை.

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "உக்காருங்கய்யா. உசுரோடதான் இருக்கேன். தோப்புக்குப் போறேன்."

கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். துண்டை எடுத்தவர் வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற அப்பாவை இந்தக் கோலத்தில் தெருவில் கொண்டுபோகிறேனே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடையில் அந்தத் தனி கியரைப் போட்டேன். வண்டி பாறைகளின் மேல் நிதானமாகக் கால் மாற்றி ஏறியது. எதற்காகத் தேடித் தேடி எடுத்தேனோ அதையெல்லாம் அப்பழுக்கில்லாமல் செய்தது. அடியில் ஒரு கல்லும் தட்டவில்லை. தோப்பில் பூ நிஜமாகவே எடுத்திருந்தது. அப்பா உட்கார்ந்திருந்த உயரத்துக்குக் கிளைகள் கைக்கெட்டின. ஒரு பூங்கொத்தைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். போதுமா, இறங்கலாமா என்று கேட்டபடி பின்கதவை இறக்கினேன். அப்போதுதான் உறைத்தது. இங்கே மேடை இல்லை. ஏற்றுவதற்கு யோசித்தவன் இறக்குவதற்கு யோசிக்கவில்லை. தூக்கி இறக்கிவிடுகிறேன் என்றேன். இடுப்பைப் பற்றி டாக்டர் சொன்னதை மனைவி நினைவுபடுத்தினாள். அப்பா கீழே கிடந்த செம்மண்ணைப் பார்த்தார். அடுத்த தடவை இறங்கிக்கொள்ளலாம், பூவைப் பார்த்தாயிற்று, கிளம்பு என்றார்.

திரும்பும்போது வீட்டுக்குப் போக எனக்கு மனமில்லை. ஊருக்குள் நுழையும் இடத்திலிருக்கும் வெல்டிங் பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். தணிவாக இரண்டு படி வைத்து ஒரு ஸ்டெப் செய்ய வேண்டும், கைப்பிடியும் வேண்டும் என்றேன். பட்டறைக்காரர் குனிந்து அடியில் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது வண்டி எடுக்கும்போதே போட்டுத் தருவாங்களே. ஏன் வேண்டாம்னுட்டிய?"

நான் வாயெடுக்குமுன் மேலே நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

"நாந்தான்யா வேண்டாம்னேன். கல்லுல இடிக்கும்லா."

மனைவி என்னைப் பார்த்தாள். இல்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்பா வேறு பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சையே உண்மையாக இருக்க விட்டுவிட்டேன்.

பட்டறைக்காரர் டேப் இருக்கிறதா என்று கேட்டார். ஷோரூமுக்குக் கொண்டு போன டேப் வண்டியிலேயே கிடந்தது. ஒரு நுனியை அவர் சீட்டில் வைத்துப் பிடித்தார். மறு நுனியை நான் தரையில் வைத்து அழுத்திக்கொண்டு, அவர் அளவைக் குறித்து முடித்த பிறகும் நிமிராமல் குனிந்தே இருந்தேன்.