போணி ஆகாத வயிறு

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டியதும் ஜெயக்கொடியின் இட்லி வண்டி நிற்கும். புருஷன் போன பிறகு மகள் ஓவியாவைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியது அந்த வண்டிதான். அதற்கு அவள் ஒரு மரியாதை வைத்திருந்தாள். போணி ஆகும்வரை, அதாவது முதல் வியாபாரம் நடக்கும்வரை, தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கமாட்டாள்.

சர்க்கரை மாத்திரையோ காலைச் சாப்பாட்டோடு போட வேண்டியது. போணி ஆனதும் கூட்டம் மொய்த்துவிடும். அவள் உட்காரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். மாத்திரை இடுப்புச் சுருக்குப் பையிலேயே தூங்கும். டாக்டர் கேட்டால் மட்டும், "டெய்லி போடறேன் சார்" என்பாள். திட்டுவாரோ என்ற பயம்தான். சர்க்கரை இறங்காததைப் பார்த்து அவரும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

அதைக் கேட்டுக் கலங்கிப்போனவள், மறுநாள் விடிந்ததும் கூட்டிக் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டாள். அன்று பார்த்து மழை. ஓர் ஆள் வரவில்லை. கொதிக்கும் இட்லிப் பானையைத் திறந்தபோது உடம்பெல்லாம் வேர்த்தது, கண் இருண்டது. பக்கத்துப் பஞ்சர் கடை அப்துல் ரசாக் ஓடிவந்து தாங்கியிருக்காவிட்டால்... ஐயோ, கொதிக்கும் பானைமேலேயே விழுந்திருப்பாள்!

அவர் புகட்டிய சர்க்கரைத் தண்ணீரில் கண் திறந்தபோது எதிரே, சேதி கேட்டு ஓடிவந்த ஓவியா நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"போதும்மா. வண்டிய வித்துடலாம். நான்தான் சம்பாதிக்கிறேன்ல?"

"வித்துட்டு? வூட்ல குந்திகினு செவுத்தப் பாக்கணுமா?"

"அக்கா, காலைல இன்னா துன்னே?" என்றார் ரசாக்.

"போணியே ஆவல, எப்டி பாய் துன்றது?"

"அப்ப டெய்லி மாத்திர?"

ஜெயக்கொடி சுருக்குப் பையைக் கவிழ்த்தாள். சில்லறையோடு பிரிக்காத மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஓவியா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அம்மாவைக் கட்டிக்கொண்டதும் அவள்தான்.

அன்றே டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் திட்டவே இல்லை. அளவைக் குறைத்து, "சாப்பிடாம மட்டும் போடாதீங்கம்மா, சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்" என்றார். ஓவியாவும் ஒன்று சொன்னாள்: "இன்னொரு தடவ மயங்கி விழுந்தா, வண்டி கிடையாது."

இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் வண்டி வந்தது. முதல் ஆவி எழும்பும்போதே ரசாக் காசோடு நின்றார்.

"ஒரு பிளேட்டுக்கா."

வாங்கிய தட்டை அப்படியே அவள் பக்கம் தள்ளினார். "போணி ஆச்சுல்ல? துன்னு. மாத்திர எங்க?"

"உனக்கு பாய்?"

"வூட்ல நஃபீசா ஆப்பம் சுட்டு வச்சிகினு கீறா. இங்க துன்னுட்டுப் போனா என்னயே பஞ்சர் பண்ணிடுவா!"

சிரிப்பும் கண்ணீருமாக ஜெயக்கொடி இட்லியைப் பிட்டாள். தன் கை இட்லியைச் சூடாகத் தின்று எத்தனை காலம் ஆயிற்று! அதற்குள் ஒரு பைக் வந்து நின்றது.

"அக்கா, நாலு இட்லி. சீக்கிரம்!"

அவள் மாத்திரையை விழுங்கி, நிதானமாக இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள்.

"இரு கண்ணு. நான் சாப்ட்டுகினு கீறேன்."