தையல்காரிக்குக் கிடைக்காத சீட்டு

எந்த வாசலில் நின்றாலும் அந்த வீட்டு உறவையெல்லாம் முறை சொல்லி விசாரிப்பார் என்று எம்.பி.க்கு ஒரு பெயர். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவள் அவருடைய சித்தப்பா மகள், தையல்காரி. பின்னாலேயே நின்று காதில் ஓதுவாள்.

"அண்ணே, இது மூத்த மருமக. மாமியாரோட பேச்சு கிடையாது. அவங்களப் பத்திக் கேட்டுத் தொலைச்சுடாதீங்க."

ஐந்து தேர்தல் இப்படித்தான் ஜெயித்தார். பழமை பேசும் கட்சி அவருடையது. குடும்பத்தைக் கட்டிக் காப்பாற்று, பழசை உடைக்காதே என்று மேடைக்கு மேடை முழங்குவார். பழைய ஆஸ்பத்திரியை மூடுகிற மசோதாவுக்குக் கை தூக்கிவிட்டு வந்த வருஷம், வீட்டுக்கு வீடு அவருக்காக வசவு வாங்கியவளும் இவள்தான். தேர்தல் வந்தால் தையல் மிஷினுக்கு உறை போட்டுவிடுவாள். துணி கொடுத்தவர்கள் வாயில் விழுவாள். "எனக்கப்புறம் நீதாம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். பைத்தியக்காரி, நம்பினாள்.

முழங்கால் விட்டுப்போய் அவர் ஒதுங்கியபோது சீட்டு அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்குப் போனது. கட்சி ஆபீசில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவள் மைக்கில்தான் அதைக் கேட்டாள். நேரே அவர் அறைக்குள் போனாள்.

"எனக்குன்னு சொன்னீங்களே அண்ணே?"

"பொம்பளைங்க வீட்டுக்கு விளக்கும்மா. நம்ம கொள்கை உனக்குத் தெரியாததா?"

"தெருத்தெருவா இழுத்துக்கிட்டு அலைஞ்சப்ப விளக்குன்னு தெரியலையா?"

மாப்பிள்ளை சிரித்தார். "கோபப்படாதீங்க அத்தை. உங்க நோட்டு ஒண்ணு போதும் எனக்கு." கேட்காமலே அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வீடு யார் யாருக்கு என்ன உறவு என்று அவள் எழுதிவைத்த நோட்டு அது. செத்தவர் பெயரின் மேல் கோடு போட மட்டும் அவளுக்கு என்றைக்கும் கை வந்ததில்லை. யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பது அவள் தலைக்குள் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமலே தையல் மிஷினின் உறையைக் கழற்றப் போய்விட்டாள்.

மறுநாள் முதல் வீட்டிலேயே மாப்பிள்ளை கேட்டார்: "வீட்டுக்காரர் எங்கம்மா, காலையிலேயே கிளம்பிட்டாரா?"

"கிளம்பி மூணு வருஷமாச்சு தம்பி. வேணும்னா நீயே மேலே போய்ப் பார்த்துட்டு வா!"

கதவு முகத்தில் அடித்தாற்போல் சாத்திக்கொண்டது. அடுத்த தெருவுக்கு அவருக்கு முன்னால் சிரிப்பு போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் எம்.பி. தையல் கடைக்கு நொண்டி நொண்டி வந்தார். "அவன்கூட நடந்து கொடும்மா. குடும்ப மானம். மகளிர் அணிக்கு உன்னைத் தலைவி ஆக்குறேன்."

"அதையும் மாப்பிள்ளைக்கே குடுங்க. நாளைக்கு மனு போடக் கடைசி நாள். நான் போடப்போறேன்."

"உனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"நான் போடுவேன். இத்தனை நாள் உங்களுக்குப் போட்டேனே, அதுதான் தப்பு."

சொன்னபடி மனுப் போட்டாள். தனியாகவே வீடு வீடாக நடந்தாள். கட்சி ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்தார், மாப்பிள்ளை இரண்டாவது, இவள் மூன்றாவது.

ஓட்டு எண்ணும் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் எம்.பி. கத்தினார்: "சொந்த வீட்டுக்கே கொள்ளி வச்சுட்டியேடி!"

"எனக்கு அந்த வீட்டுல என்ன இருந்துச்சு? எதிர்க்கட்சிக்காரன் ஜெயிச்சதுல எனக்குச் சந்தோஷம் இல்ல. நீங்க தோத்ததுல இருக்கு."

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அவர் மகள் பிள்ளை பெற்றபோதும் அவள் எட்டிப் பார்க்கவில்லை.