இடது கால் மேல் போட்ட பழி

செவ்லியேவோ ஊரில் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டுகிறவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது “பார்த்து ஓட்டுங்க” என்று சொல்லி அனுப்புவார்கள். ரூமியானா சொல்லமாட்டாள். அவள் கை பட்ட கியர்பாக்ஸ் எதுவும் பத்தொன்பது வருஷத்தில் உடைந்து திரும்பி வந்ததில்லை. அதை அவளாக யாரிடமும் சொல்லிக்கொண்டது கிடையாது. ஊர் சொல்லும், அவள் குனிந்து நட்டு முறுக்கிக்கொண்டே காதில் வாங்கிக்கொள்வாள். தற்பெருமை இல்லாதவள் என்று பேர். அந்தப் பேரிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் செய்து, விலகி, அதைப் பற்றி யாராவது கேட்டால் ஸ்பேனரைத் தேடப் போய்விடுகிறவள். அவளுக்கென்று இருப்பது ஒரே தம்பி, மில்கோ. எட்டு வயது இளையவன். வாரம் முழுக்கத் தண்ணீர்க் குழாய் செய்யும் ஆலையில் வேலை. வருஷத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மலைப்பாதைப் பந்தயம். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜப்பான் டர்போ வண்டி அவனுடையது. வண்டிக்கு வயது இருபத்தைந்து. அதன் கியர்பாக்ஸ் அக்கா கட்டியது. செத்துப்போன மூன்று பாக்ஸிலிருந்து உறுப்பெடுத்துச் சேர்த்த ஒன்று. மூன்றாவது கியரின் பல்சக்கரம் உடைந்தால் மாற்ற வேறு கிடையாது, எங்கேயும் கிடையாது.

அந்த வருஷம் இன்ஜினுக்கு வலுக் கூட்ட மில்கோ பெரிய டர்போவாகப் பார்த்து மாட்டினான். கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. நேராக அக்கா கடைக்கு வந்தான்.

“அக்கா, இன்ஜின் மூணு ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துது. வண்டி மட்டும் நீ முன்னாடி போ, நான் வரேன்னு நிக்குது. கிளட்சுக்கு உலோக பிளேட் போட்டுக் குடு.”

“கிளட்ச் வழுக்குதுன்னா உன் நல்லதுக்குத்தாண்டா வழுக்குது. அத இறுக்கிட்டா அந்த அடி எங்க போகும்? கியர் பல்லுல போகும். பல்லு தப்பிச்சா ஷாஃப்ட். அதுவும் தப்பிச்சா பின்னாடி ஆக்சில். ஏதாவது ஒண்ணு போய்த்தான் ஆகணும். ஒரு மத்தியானத்துல மாத்துற பிளேட்டே போகட்டுமே.”

“போகட்டும் போகட்டும்னு நாலாவது எடத்துலயே குந்திக்கிட்டு இருக்கேன்.”

“நாலாவதா வர்றவனுக்கு வண்டியாவது முழுசா வீடு வந்து சேருது.”

“பஸ்ஸும்தான் முழுசா வந்து சேருது. இனிமே அதுலயே போயிடவா?”

இப்படியே கோடை முழுக்க இழுபறி. அவள் சொன்னது தப்பே இல்லை, கணக்காகத்தான் சொன்னாள். ஆனால் வண்டி யாருடையது என்பதை மறந்துபோனாள். அங்கேதான் கோளாறு.

அக்டோபரில் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் மில்கோ உலோக பிளேட்டைத் தானே வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினான். ரூமியானா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஆறு செப்புநிறக் கட்டிகள், விட்டுக்கொடுக்கவே கொடுக்காது என்கிற மூஞ்சி. அதைப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, பழைய ரகத்திலேயே புதிதாக ஒரு பிளேட்டை மாட்டினாள். மாலையில் வந்த மில்கோ பெடலை மிதித்துப் பார்த்தான்.

“என்னக்கா, பூ மாதிரி இருக்கு? உதறும்னாங்களே?”

“அதெல்லாம் அந்தக் காலம். இப்ப வர்றது இப்படித்தான்.”

அவன் நம்பினான். அக்காவை நம்பாமல் வேறு யாரை நம்புவான்?

ஓரேஷ் மேட்டில் பந்தயம். இரண்டு முறை ஏறவேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஏற்றத்தில் மில்கோதான் எல்லாரையும்விட வேகம். ஜனங்கள் அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டாவது ஏற்றத்தில் சூடு ஏறியது, பிளேட் வழுக்கியது. பாதையோரம் கெபாப்சே சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே அந்தத் தீய்ந்த வாடை எட்டியது. “யாருடா அது, எங்களுக்குப் போட்டியாக் கறி சுடுறது?” என்று ஒருத்தன் கத்த, மேடே சிரித்தது. மில்கோ ஆறாவது.

வண்டியை நிறுத்தி இறங்கினான். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர்.

“அக்கா, என்ன ஆச்சு? புது பிளேட்டாச்சே!”

எல்லாரும் ரூமியானா முகத்தையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவள் வாயில் வேறு வந்தது.

“காலுதான். கிளட்ச் பெடல் மேல இடது கால வெச்சுக்கிட்டே ஓட்டியிருக்க. இரும்பா இருந்தாலும் கருகத்தான் செய்யும்.”

சிரித்தார்கள். மில்கோ தன் காலைக் குனிந்து பார்த்தான், அது வேறு யாருடையதோ போல.

அன்றிலிருந்து ஆலையில் அவனுக்கு ‘இடது கால்’ என்றே பேர் விழுந்தது. டீ வேளையில் ஒருத்தன் நொண்டிக் காட்டுவான், இன்னொருத்தன் “கால எடுய்யா, கருகுது” என்பான். மில்கோ முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பதை விட்டான். பிப்ரவரியில் அவன் மனைவி தெஸி கடைக்கு வந்து சொன்னாள்:

“அண்ணி, சூப் குடிக்கும்போதுகூட இடது கால நாற்காலி மேல தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அது அடங்க மாட்டேங்குதாம். வண்டிய வித்துடறேன்னு பிளோவ்திவ்ல யார்கிட்டயோ பேசிட்டாரு. அடுத்த வாரம் வந்து எடுத்துட்டுப் போறாங்க. நீங்களாவது சொல்லக்கூடாதா?”

“பாக்கலாம்,” என்றாள் ரூமியானா.

பார்த்தது என்னவோ கியர்பாக்ஸைத்தான். குளிர்காலச் சோதனைக்காக அது அவளிடம் இருந்தது. திறந்து, டார்ச் அடித்து, மூன்றாவது கியரின் பல் ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். ஒரு கீறல் இல்லை. முதலில் வந்தது சந்தோஷம், சுத்தமான சந்தோஷம். அப்புறம்தான் வெட்கம் வந்தது. அவன் வண்டி ஓட்டுவதையே விடப்போகிறான். இவள் பல் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஞாயிறு மன்னிப்பு நாள். பெரிய நோன்புக்கு முன்னால் இளையவர்கள் மூத்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பார்கள், மூத்தவர்கள் மன்னிப்பார்கள். மன்னிப்புக் கேட்பது கீழேயிருந்து மேலேதான் போகும். மூத்தவர்கள் கேட்கிற வழக்கம் கிடையாது, சௌகரியம்தான். மில்கோ ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். தெஸி பனிட்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரத்தை அடுப்பில் வைக்க உள்ளே போனாள். உத்தரத்திலிருந்து நூலில் கட்டிய அல்வாத் துண்டு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அதை வாயால் கவ்வுகிற விளையாட்டை இன்னும் யாரும் தொடங்கவில்லை.

மில்கோ குனிந்து அவள் கையைப் பிடித்தான்.

“மன்னிச்சிடுக்கா. நீ பார்த்துப் பார்த்துப் போட்டுக் குடுத்த கிளட்ச, நான் காலால தீச்சுட்டேன். ஊர் முன்னாடி உனக்கும் அவமானம்.”

மன்னித்தேன் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. சாப்பிடப் போயிருக்கலாம். ரூமியானா கையை உருவிக்கொண்டாள்.

“அது உன் காலு இல்லடா.”

“பின்ன?”

“உலோக பிளேட்ட நான் போடவே இல்ல. பழைய மாதிரியே ஒண்ணு போட்டேன். பாக்ஸ் உடைஞ்சிடும்னு பயம். உடைஞ்சா ரூமியானா கட்டினது உடைஞ்சதுன்னு சொல்வாங்களேன்னு பயம். நீதான் என்ன மன்னிக்கணும்.”

அவன் ஓர் ஆரஞ்சை எடுத்து, திரும்ப மற்றவற்றோடு வைத்தான்.

“பிளேட் மாத்தினது சரி, அத விடு. உனக்குத் தெரிஞ்சது அது. ஆனா அத்தன பேர் முன்னாடி காலுன்னியே. நாலு மாசமா ராத்திரி பகலா இந்தக் கால நான் திட்டிட்டு இருக்கேன்க்கா.”

தொப்பியை எடுத்துக்கொண்டான். வீட்டோடு ஒட்டியிருந்த கடைக்குள் போய், பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து பிளேட்டை அவளே எடுத்துவந்து கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு, தெஸியைக்கூட அழைக்காமல் இறங்கிப் போனான். பனிட்சாவை தெஸியும் ரூமியானாவும் மட்டும் சாப்பிட்டார்கள், சரியாகச் சாப்பிடவும் இல்லை.

வண்டி விற்கப்படவில்லை. மறுநாளே மில்கோ ஆள் அனுப்பி அவளிடமிருந்த கியர்பாக்ஸை எடுத்துக்கொண்டான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற இன்னொரு மெக்கானிக் கான்சோ, உலோக பிளேட்டோடு எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்தான். மே மாதம் ஓரேஷ் மேட்டில் முதல் ஏற்றத்தில் மில்கோ போட்ட நேரத்தை அந்த மேட்டில் அதுவரை யாரும் போட்டதில்லை. ரூமியானா போகவில்லை, ரேடியோ மாதிரி ஊர் வந்து சொல்லிவிட்டுப் போனது. இரண்டாவது ஏற்றத்தில் என்ன ஆனது என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை டிரெய்லர் வந்து வாசலில் நின்றது. அதன்மேல் வண்டி. கடையில் அப்போது மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், அதில் ஒருத்தன் ஆலைக்காரன். மில்கோ இறங்கி நின்றான். பிப்ரவரிக்குப் பிறகு இப்போதுதான் வருகிறான்.

“மூணாவது கியரு,” என்றான். “நீ சொன்ன மாதிரியே.”

ஆலைக்காரன் இளித்தான். “என்னய்யா, மறுபடியும் கால வெச்சுட்டியா?”

ரூமியானா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கான்சோ மாட்டிய கிளட்ச் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொன்னேனே என்றும் சொல்லியிருக்கலாம், அதில் ஒரு பொய்யும் இல்லை. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“அவன் காலுக்கு என்ன கேடு? போன வருஷம் கருகினதும் அவன் காலால இல்ல, நான் மாத்திப் போட்ட பிளேட்டால. இந்தப் பாக்ஸும் நான் கட்டினதுதான். அவன் ஓட்டின ஓட்டத்துக்குத் தாங்கல, உடைஞ்சிருச்சு.”

பிறகு தம்பியைப் பார்த்து, “நின்னுட்டே இருந்தா எப்படி? இறக்குடா,” என்றாள்.

மில்கோ டிரெய்லர்க் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். “இரு, இந்த முடிச்சு இறுகிக் கெடக்கு,” என்றான். “இந்தப் பக்கம் கொஞ்சம் புடி, அக்கா.”